ஒரு கோச், ஐம்பது பாஸ்போர்ட்
எல்லையோரப் பிழைப்பு – 6

போன வாரம் சரக்கு லாரிகளைப் பற்றிப் பார்த்தோம். லாரியில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து முடித்ததும் வண்டி கிளம்பிவிடும். சுற்றுலாப் பேருந்தின் நிலைமை வேறு. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் கோச்சில் ஒரு பாட்டியின் கைரேகை பதிய மறுத்தால், மீதி நாற்பத்தொன்பது பேரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் வந்து நிற்கும் அடுத்த கோச்சும் காத்திருக்கும். எல்லையில் சோதனை இறுகும்போதெல்லாம் முதல் அடி இந்தத் தொழிலுக்கு விழுவது அதனால்தான்.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். எதிர்க்கரையில் பிரான்ஸின் கலே. நடுவில் உள்ள கடலின் அகலம் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். ஃபெரியில் ஒன்றரை மணி நேரம். 2003-ல் கையெழுத்தான லெ டூக்கே ஒப்பந்தப்படி பிரெஞ்சு எல்லைப் போலீஸார் டோவரிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் கலேயில் இருக்கிறார்கள். ஆக, பிரான்ஸுக்குள் நுழைவதற்கான வரிசை இங்கிலாந்து மண்ணில் நிற்கிறது. டோவரோ வெள்ளைப் பாறைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் துறைமுகம். வரிசை நீண்டால் ஒதுங்க இடம் இல்லை. ஊருக்குள் வரும் சாலைகள் அடைபட்டுப் போகும்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை பாஸ்போர்ட்டை ஒரு முறை புரட்டிப் பார்ப்பதோடு வேலை முடிந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ்காரர்கள் வெளியார் ஆனார்கள். ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் முத்திரை. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு. முத்திரை குத்தச் சில நொடிதானே என்று தோன்றும். 2023-ல் ஈஸ்டர் விடுமுறை தொடங்கிய வார இறுதியில் அந்தச் சில நொடிகள் சேர்ந்து என்ன செய்யும் என்று தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த கோச்சுகள் குவிந்தன. துறைமுக நிர்வாகம் நெருக்கடி நிலையை அறிவித்தது. பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, இரவு முழுக்கப் பிள்ளைகள் இருக்கையிலேயே தூங்கினார்கள்.

அடுத்து வந்ததுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை. 2025 அக்டோபர் 12-ல் தொடங்கியது. முகத்தைப் படமெடுக்க வேண்டும், நான்கு விரல்களின் ரேகையைப் பதிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ரேகை வேண்டாம். ஒரு தடவை பதிந்தால் மூன்று ஆண்டு செல்லும். டோவரில் இது கார்களில் போகிறவர்களுக்கு முதலில் வரவில்லை. முதல் நாளே மாட்டியது லாரிக்காரர்களும் கோச் பயணிகளும்தான்.

டோவரில் கோச்சுகளுக்கு மேற்குத் துறையில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் இறங்கிக் கட்டடத்துக்குள் போய்ப் பதிந்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். பிறகு இடையில் யாரும் ஏறவோ இறங்கவோ கூடாது என்பதற்காக வண்டிக்குச் சீல் வைத்து, ஃபெரி கிளம்பும் கிழக்குத் துறைக்கு அனுப்புகிறார்கள். ஒரே வண்டியில் அயர்லாந்து பாஸ்போர்ட்காரர் இருந்தால் அவருக்குப் பதிவே கிடையாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் முகமும் ரேகையும். ஷெங்கன் விசாவோடு வரும் நம்மூர்க்காரருடைய ரேகை விசா வாங்கும்போதே பதிந்திருக்கும். முகப்படம் மட்டும் போதும். ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கூடுதலாகிறது என்றே வையுங்கள். ஒரே கவுன்டர் என்றால் ஐம்பது பேருக்கு ஐம்பது நிமிடம். பின்னால் நிற்கும் ஏழாவது, எட்டாவது வண்டிக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நேரமெல்லாம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? அதைத்தான் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் கோச் ஓட்டுநரின் ஒவ்வொரு நிமிடத்தையும் வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி பதிகிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் பத்து. தினமும் தொடர்ச்சியாகப் பதினொரு மணி நேர ஓய்வு வேண்டும். சில நாட்களில் அதை ஒன்பதாகக் குறைக்கலாம். அதாவது, காலையில் சாவியை எடுத்ததிலிருந்து அதிகபட்சம் பதினைந்து மணி நேரத்தில் அவருடைய நாள் முடிந்தாக வேண்டும். நல்ல சட்டம். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி எத்தனை உயிர் போகிறது என்று நமக்குத் தெரியாததல்ல. நம் ஆம்னி பஸ் ஓட்டுநர்களுக்கும் இப்படிக் கறாரான ஒரு கணக்கு நடைமுறையில் இருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு.

பர்மிங்ஹாமிலிருந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பும் ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையோடு ஒன்பது மணிக்கு டோவர். பத்தரைக்கு ஃபெரி. மறுகரை இறங்கி, பாரிஸ் ஹோட்டல் வாசலில் நிறுத்தும்போது பிரிட்டிஷ் நேரப்படி மாலை நாலரை. பன்னிரண்டரை மணி நேரம், சட்டத்துக்குள் இருக்கிறது. டோவரில் மூன்று மணி நேரம் கூடுதலாக நின்றுவிட்டால் பதினைந்தரை. பாரிஸைத் தொடும் முன்பே அவருடைய நாள் முடிந்துவிடும். வரிசையில் நின்ற நேரத்தை ஓய்வு என்று காட்டவும் முடியாது. அடிக்கு அடி நகர்த்திக்கொண்டே இருந்தால் அதுவும் ஓட்டிய நேரம்தான். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கிற மனிதருக்கு அது எப்படி ஓய்வாகும்? எதிர்பாராத தடங்கலுக்கு விதியில் சிறு விலக்கு உண்டு. ஒவ்வொரு விடுமுறையிலும் வருகிற வரிசையை எதிர்பாராதது என்று எத்தனை முறை சொல்ல முடியும்?

அதனால் முதலாளி இரண்டாவது ஓட்டுநரை அனுப்ப வேண்டும். அவருக்குச் சம்பளம், அறை, சாப்பாடு. டிக்கெட் விலை ஏறும். சிறிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஐரோப்பியக் கண்டத்துப் பயணமே வேண்டாம், ஸ்காட்லாந்தோடும் வேல்ஸோடும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பதைக் குறை சொல்ல முடியாது. நஷ்டம் அங்கேயே நிற்பதில்லை. பெல்ஜியத்தின் ஈப்ரில் முதல் உலகப்போர்க் கல்லறைகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கும், டிசம்பர் சந்தைக்கு ஆள் வரும் என்று நம்பியிருக்கும் லீல் நகரத்து உணவகத்துக்கும் வண்டி வராத நாள் வருமானம் இல்லாத நாள்.

சுற்றுலாக் குழுவோடு போகிற பிரிட்டிஷ் வழிகாட்டிகள் நிலைமை இன்னும் மோசம். முன்பு சீசன் முழுக்க ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்களில் தங்கி வேலை பார்த்தார்கள். இப்போது ஒவ்வொரு நாட்டிலும் வேலை அனுமதிக்குத் தனித்தனி விதி. ஓட்டுநருக்கும் அந்த 90 நாள் கணக்கு பொருந்தும். முத்திரை மங்கலாக விழுந்த காலத்தில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை; இப்போது கணினி எண்ணிவிடும். செர்பியா, போஸ்னியா பக்கத்து லாரி ஓட்டுநர்கள் 2026 ஜனவரியில் சரக்கு எல்லைகளை மறித்தது இதே கணக்குக்காகத்தான்.

எல்லையைக் காப்பது ஒரு நாட்டின் உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு ஆகும் நேரத்தைச் சோதனை செய்கிறவர்கள்தான் ஏற்க வேண்டும். கோச் எத்தனை மணிக்கு வரும், அதில் யார் யார் என்பது நிறுவனத்துக்கு வாரக்கணக்கில் முன்பே தெரியும். அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் சோதனைக்கான நேரத்தை எல்லைத் துறை எழுதிக்கொடுக்கட்டும். அந்த நேரம் தவறினால் காத்திருந்த மணிகளுக்குப் பணம் கொடுக்கட்டும். முகப்படத்தையும் பாஸ்போர்ட் விவரத்தையும் மூன்று நாள் முன்பே கைபேசியில் பதிய ஐரோப்பிய ஒன்றியமே ஒரு செயலி வைத்திருக்கிறது. ஸ்வீடனும் போர்ச்சுகலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. ரேகையை மட்டும் நேரில் பதிந்தால் போதும். டோவரில் முதல் நாளிலிருந்தே அதைத் தந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம், எதிர்த்திசையில் வரும் கோச்சுகள். 2021 அக்டோபர் முதல் ஐரோப்பிய அடையாள அட்டையோடு சுற்றுலா வருவதை பிரிட்டன் நிறுத்தியது. ஆங்கிலம் படிக்க வந்த பள்ளிக் குழுக்கள் அயர்லாந்துக்கும் மால்டாவுக்கும் திசை திரும்ப, ஹேஸ்டிங்ஸ், கேன்டர்பரி ஊர்களில் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் அறையும் சாப்பாடும் கொடுத்துச் சம்பாதித்த குடும்பங்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

(தொடரும்)