அண்ணன் வேண்டும்! அக்காள் வேண்டும்!

கூடப்பிறந்தால்தான் அண்ணனா? இல்லை! கூடப்பிறக்காத பிள்ளைக்கும் அண்ணனாக இருக்கலாம். அப்படி அண்ணனும் அக்காளும் தேடித் தரும் சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. "பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்" என்பது அதன் பெயர்.

குமாஸ்தாவின் குரல்

1904-ம் ஆண்டு. நியூயார்க் நகரத்துச் சிறுவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் எர்னஸ்ட் கூல்ட்டர். குற்றம் செய்ததாகப் பல சிறுவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கு வழி காட்ட ஆள் இல்லை என்பதைக் கூல்ட்டர் கண்டார். நல்லவர்களை உதவிக்கு அழைத்தார். 39 பேர் முன்வந்தார்கள். ஆளுக்கு ஒரு சிறுவனின் பொறுப்பை ஏற்றார்கள். பெண் குழந்தைகளுக்காகப் பெண்களும் இப்படியே தொண்டு செய்தார்கள். 1977-ல் இரண்டும் ஒரே சங்கம் ஆயின.

என்ன செய்வார்கள்?

மாதத்தில் சில தடவை சந்திப்பார்கள். சில மணி நேரம் கூட இருப்பார்கள். பந்து விளையாடுவார்கள். பாடம் படிப்பார்கள். காசை எண்ணிச் செலவு செய்வது, கோபத்தை அடக்குவது, வேலைக்கு மனுப் போடுவது எல்லாம் பேச்சோடு பேச்சாகப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இதற்குச் சம்பளம் கிடையாது.

பலன் உண்டா? உண்டு! 10 வயது முதல் 16 வயது வரை உள்ள 959 பேரை ஆராய்ந்தார்கள். முடிவு 1995-ல் வெளிவந்தது. துணை கிடைக்காத பிள்ளைகளில் 100 பேர் போதைப் பொருளைத் தொட்டால், துணை கிடைத்தவர்களில் 54 பேரே தொட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போடுவது பாதியாகக் குறைந்தது.

புது முகம்

2018-ல் சங்கத்துக்கு ஒரு கவலை. அண்ணன், அக்காள் கேட்டுக் காத்திருந்த பிள்ளைகள் 30 ஆயிரத்துக்கு மேல்! அவர்களில் பெரும்பாலோர் பையன்கள். ஆனால் முன்வரும் ஆண்கள் குறைவு.

"நல்ல காரியம்" என்று எல்லோரும் சொன்னார்கள். "இன்றே சேர வேண்டும்" என்று பலருக்குத் தோன்றவில்லை. அதனால் சங்கம் தன் முகத்தையே மாற்றியது. பழைய ஊதா நிறம் போயிற்று. பளிச்சென்ற பச்சை வந்தது.

கடைக்குப் பெயர்ப் பலகை எப்படியோ, சங்கத்துக்கு இணையதளம் அப்படி. வருகிறவருக்கு மூன்று விஷயம் உடனே தெரிய வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? என்னால் என்ன செய்ய முடியும்? எங்கே பெயர் கொடுப்பது? தபால் எண்ணைக் கொடுத்தால் பக்கத்துக் கிளை தெரியும்படி வசதி இருக்கிறது.

உடனே சேர முடியுமா?

முடியாது! பெயர் கொடுத்தவரை நேரில் விசாரிப்பார்கள். அவர் மீது வழக்கு உண்டா என்று பார்ப்பார்கள். தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். பிறகுதான் அவருக்குப் பொருத்தமான பிள்ளையைத் தேடுவார்கள். தாய் தகப்பன் சம்மதமும் வேண்டும்.

இணையதளம் ஆளை அழைத்து வரலாம். ஆனால் பிள்ளையை நம்பி ஒப்படைக்கும் முன், ஆளைப் பார்த்துத்தான் தீர வேண்டும். அதில் அவசரம் கூடாது!