வெள்ளொளியும் மெய்ந்நிறமும்

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே, நெடுஞ்சாலை ஓரமாய் அமைந்த சிற்றூர் ஓப்பநாயக்க. களனிவெளிப் புகையிரதப் பாதை முன்னொரு காலத்தில் வந்து முடிவுற்ற இடம் இதுவே. ஒருபுறம் தேயிலையும் இறப்பரும், மறுபுறம் மாணிக்கக் குழிகளும் உடையது இம்மாவட்டம். இங்கே தமிழ் கற்பிக்கும் யாம் விழா மலரிலே இலக்கியக் கட்டுரை வரைவதே முறையாகும். எனினும், பழைய மாணவர் ஒருவர்க்கு நேர்ந்த இடரும், அதனால் யாம் கற்ற பாடமும் பலர்க்கும் பயன்படும் எனக் கருதி, வீட்டு மின்குமிழின் ஒளியைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

அம்மாணவர் தோட்டத்து லயத்திலே பிறந்து, எம்மிடம் தமிழ் கற்று, இன்று கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் செய்து வருபவர். ஓரிரவு தாம் தீட்டிய நீலக்கல் ஒன்றை வீட்டு மின்குமிழின் கீழ் வைத்து, கைத்தொலைபேசியாற் படம் பிடித்து, தூரத்து வணிகர் ஒருவர்க்கு அனுப்பினார். படத்தைக் கண்டு நல்ல விலை பேசிய அவ்வணிகர், கல்லைக் கையிற் பெற்றதும் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டார். படத்திலே தூய நீலமாய்த் தோன்றிய கல், பகலொளியிலே ஊதாச் சாயல் காட்டிற்று. படத்தைத் திருத்தி ஏமாற்றியதாக வணிகர் பழி கூறினார். நம் மாணவரோ படத்தில் யாதொரு மாற்றமும் செய்திலர். பூக்களையும் பூச்சிகளையும் மிக அண்மையில் நின்று படம் பிடிக்கும் பழக்கம் எமக்கு உண்டென அறிந்தவராதலின், அவர் எம்மை நாடி வந்தார். "சேர், நான் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொன்னது எது?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பொருளொன்று தன்மேல் விழும் ஒளியிலே சில நிறங்களை விழுங்கி, எஞ்சியவற்றை நம் கண்ணுக்கு அனுப்புகின்றது. ஆகவே, விளக்கிலே இல்லாத நிறத்தைக் கல் காட்ட இயலாது. ஞாயிற்றின் ஒளியிலே ஊதா முதற் சிவப்பு ஈறாக எல்லா நிறங்களும் இடையறாது உள்ளன. பழைய இழை மின்குமிழிலும் அவ்வாறே. ஆயின் அதிலே நீலம் குறைவு, சிவப்பு மிகுதி. எல்.ஈ.டி. மின்குமிழின் இயல்பு வேறு. அதனுள்ளே இருப்பது நீல ஒளி காலும் சிறு பளிங்கு. அந்நீலத்தின் ஒரு பகுதியை, மேலே பூசப்பட்ட பொருள் உறிஞ்சி மஞ்சளாக்கித் தருகின்றது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுகின்றன. இத்தகைய நீல ஒளிப் பளிங்கைக் கண்டமைக்காகவே அக்காசாக்கி, அமானோ, நாக்கமூரா என்னும் மூவர்க்கு 2014 ஆம் ஆண்டிலே பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்சாரத்தை மிகச் சிக்கனமாய்ச் செலவிடும் அவ்விளக்கை யாம் குறைகூற வரவில்லை. வெள்ளையாய்த் தோன்றும் ஒளியெல்லாம் நிறைவான ஒளி அன்று என்பதே யாம் கூற விழைவது. மலிவான மின்குமிழ்களிலே 480 நனோமீற்றர் அளவிலுள்ள நீலப்பச்சையும், 620 நனோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆழ்ந்த சிவப்பும் பெரிதும் குன்றியிருக்கும்.

மாணவரின் கல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. நீலமும் சிவப்பும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளின் வகைகளாம். ஆங்கிலத்திலே அக்கனிப்பொருளுக்கு வழங்கும் பெயரும் தமிழ்க் குருந்தத்தினின்று பிறந்ததென அகராதிகள் கூறும். இரும்பும் தைற்றேனியமும் அதற்கு நீலத்தைத் தருகின்றன. குரோமியம் சிவப்பைத் தருகின்றது. மூன்றும் சிறிது சிறிது கலந்த கல், பகலிலே ஊதாச் சாயல் காட்டும். சிவப்புக் குன்றிய விளக்கின் கீழோ அச்சாயல் மறைந்து, நீலமே மேலோங்கும். கல்லும் பொய் கூறவில்லை. படக்கருவியும் பொய் கூறவில்லை. விளக்கே பாதி உண்மையை மறைத்தது.

இனி, விளக்கை ஆராயும் வழிகளைக் காண்போம். முதலாவது, பெட்டியைப் படித்தல். "பகலொளி" என்றோ 6500 கெல்வின் என்றோ அச்சிட்டிருப்பது வெண்மையின் சாயலை மாத்திரம் குறிக்கும், நிறைவைக் குறிப்பதன்று. பலர் மயங்கும் இடம் இது. நிறம் காட்டும் திறனை அறிய, சீ.ஆர்.ஐ. அல்லது ஆர்.ஏ. என்னும் எழுத்துகளின் அருகிலுள்ள எண்ணைத் தேடுதல் வேண்டும். சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1965 இல் வகுத்து, 1974 இல் திருத்திய அளவை இது. அதன் உச்ச எண் 100. வீட்டு மின்குமிழ்களிற் பல 80 ஐ அண்டியிருக்கும்; படம் பிடிக்க 90 க்குக் குறையாதது வேண்டும். எனினும் இவ்வெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரியே. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவதாகத் தனியே நிற்பது, சராசரியிற் சேராது. ஆதலின், 80 என்று பெயர்பெற்ற விளக்கு அவ்வொன்பதாவதிலே பூச்சியத்தை அண்டி நிற்றலும் உண்டு. ஆர் 9 என்னும் அவ்வெண்ணையும் பெட்டியில் அச்சிட்டிருப்பின், அதுவும் உயர்ந்ததாக உள்ளதைத் தெரிக. இக்குறையை நீக்கவே, 99 நிறங்களைக் கொண்டு அளக்கும் புதுமுறை ஒன்று 2015 இல் அமெரிக்க ஒளியூட்டற் பொறியியலாளர் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது.

இரண்டாவது, பழைய இறுவட்டு ஒன்றினாற் செய்யும் சோதனை. இறுவட்டின் வரிகள் ஒன்றுக்கொன்று 1.6 மைக்கிரோமீற்றர் இடைவெளியில் நெருங்கியிருத்தலின், அது ஒளியை நிறம் நிறமாய்ப் பிரித்துக் காட்டும். அட்டைப்பெட்டி ஒன்றிலே மெல்லிய பிளவு வெட்டி, அதன் வழியே புகும் விளக்கொளியை உள்ளே சரித்து வைத்த இறுவட்டில் நோக்குக. இழை மின்குமிழிலே நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து செல்லும். எல்.ஈ.டி. மின்குமிழிலே கூரிய நீலப் பட்டையும், அதனை அடுத்து ஓர் இருட்பள்ளமும், பின்பு பச்சையும் மஞ்சளும், இறுதியிலே சிவப்பும் காணப்படும். சிவப்பு எவ்வளவு தூரம் நீள்கின்றது, இருட்பள்ளம் எவ்வளவு ஆழம் என்பனவற்றை விளக்குக்கு விளக்கு ஒப்பிடுக. இம்முறையால் ஞாயிற்றை மாத்திரம் ஒருபோதும் நோக்கற்க, கண் கெடும்.

மூன்றாவது, பகலோடு ஒப்பிடுதல். யாமும் மாணவரும் அந்த நீலக்கல், செம்பருத்திப் பூ, தேயிலைக் கொழுந்து, எம் உள்ளங்கை ஆகிய நான்கையும் வெள்ளைத் தாளின்மேல் வைத்து, காலை பத்து மணிக்கு விறாந்தை நிழலிலே படம் பிடித்தோம். இரவிலே 80 எனக் குறித்த மின்குமிழின் கீழும், 90 எனக் குறித்ததன் கீழும் அவ்வாறே செய்தோம். முதல் விளக்கிலே செம்பருத்தி செங்கல்லின் நிறம் பெற்றது, உள்ளங்கை வெளிறிற்று, கல் மீண்டும் தூய நீலம் ஆயிற்று. இரண்டாவதிலே பூவுக்குச் சிவப்பு மீண்டது. கல்லிலும் ஊதாச் சாயல் எட்டிப்பார்த்தது. மாணவர் நெடுநேரம் பேசவில்லை.

நான்காவது, துடிப்பை அறிதல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது. ஆதலின் தரங்குறைந்த மின்குமிழ் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண் அதனை உணராவிடினும், படத்திலே இருண்ட பட்டைகளாய் விழும். விளக்கின் முன்னே பென்சிலை விரைந்து ஆட்டுக. பென்சில் பலவாய்த் துண்டு துண்டாய்த் தோன்றின், அவ்விளக்கை விலக்குக.

நல்ல விளக்கைத் தெரிந்தபின்னும் சில கவனிக்கத்தக்கன. இரு வேறு விளக்குகளின் ஒளி ஒரே கல்லின்மேல் விழலாகாது. நீலச் சுவரும் சிவப்புச் சட்டையும் தத்தம் நிறத்தைக் கல்லில் ஏற்றும். ஆதலின் அவற்றை அகற்றி, வெள்ளைத் தாளாற் சூழ்க. கைத்தொலைபேசி கல்லுக்கு அண்மையிலே வருங்கால் அதன் நிழலே கல்லை மூடுமாதலின், விளக்கைப் பக்கவாட்டிலே நிறுத்தி, இடையே மெல்லிய தாளைத் தொங்கவிடுக. வெள்ளைத் தாள் வெள்ளையாய்த் தோன்றுமாறு கருவியின் நிறச்சமநிலையை நிறுத்திக்கொள்க. ஆயின் ஒன்றை மறத்தலாகாது: விளக்கிலே இல்லாத நிறத்தை எந்தச் சமநிலையும் மீட்டுத் தராது. பகலிலே பச்சையும் இழை மின்குமிழின் கீழ்ச் சிவப்பும் காட்டும் அலெக்சாந்திரைற் போன்ற கற்களுக்கு ஒரு படம் போதாது. இரண்டு ஒளியிலும் பிடித்து, இரண்டையும் காட்டுதல் வேண்டும்.

இரத்தினபுரி நகரிலே கல் வாங்குவோரும் விற்போரும் காலைப்பொழுதிலே வீதியிற் கூடி, பகலொளியிலே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். இன்று கல்லுக்கு முன்னே படம் பயணம் செய்கின்றது. படமே விற்பவன் வாய்ச்சொல்லாகிவிட்டது. ஆதலின், படத்தின் கீழே எவ்வொளியிற் பிடித்தது என்று எழுதுதல் நாணயத்தின்பாற்படும். நம் மாணவர் அக்கல்லை மீண்டும் காலையொளியிலே படம் பிடித்து, அதன் கீழே "பகலொளியிற் பிடித்தது, ஊதாச் சாயல் உண்டு" என எழுதி வேறொருவர்க்கு அனுப்பினார். முன்பு பேசிய விலையிலும் குறைந்த விலையே கிடைத்தது. ஆயின் கல் திரும்பி வரவில்லை. அவ்வணிகரே பின்பு இரண்டாம் முறையும் அவரிடம் கல் கேட்டார்.

மணிகளின் குணமும் குற்றமும் அறிந்த வணிகர் வாழ்ந்த மதுரை வீதியை இளங்கோவடிகள் ஊர்காண் காதையிலே காட்டுகின்றார். அம்மதுரையிலேயே, சிலம்பின் உள்ளிருந்த பரல் எதுவென முன்னரே ஆராயாமையால் ஓர் உயிர் போயிற்று. ஆராயாது நம்புதலும் ஆராயாது பழித்தலும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். கல்லைப் பார்க்குமுன் அதன்மேல் விழும் ஒளியைப் பார்த்தல் வேண்டும் என்று, எமக்குப் பாடம் கற்பித்த அம்மாணவர்க்கு எம் நன்றி உரித்தாகுக.