குறைமாதக் குழந்தையும் மூளைப் பாதிப்பும்

கருவில் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் நாட்டில் பிறந்தவை. இத்தகைய குழந்தைகளுள் உயிர் பிழைப்போர் தொகை பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், பிழைத்த குழந்தை நடக்குமா, பேசுமா, பள்ளிக்குச் செல்லுமா என்பதும் நாட்டின் கவனத்திற்குரிய வினாவாகும்.

குறைமாதப் பிறப்புக்கும் கைகால் தசைகளின் விறைப்புக்கும் உள்ள தொடர்பை, ஆங்கில மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862-ல் வெளியான தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இந்நோயே இன்று மூளை முடக்குவாதம் எனப்படுகிறது.

மூளையில் நிகழ்வது என்ன?

பாதிப்பு பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது இரத்தக் கசிவு. மூளையின் உள்ளறைகளை ஒட்டியுள்ள இரத்தக் குழாய்கள் 32 வாரங்கள் வரை மிக மெல்லியவை. இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் அவை வெடித்துவிடும். பிறந்த முதல் மூன்று நாட்களிலேயே இவ்வாபத்து மிகுதி.

இரண்டாவது, மூளையின் வெண்பகுதி சிதைவுறுதல். நரம்பிழைகளுக்கு உறை அமைக்கும் இளம் உயிரணுக்கள், பிராணவாயுக் குறைவையும் நோய்த்தொற்றின் அழற்சியையும் தாங்கும் ஆற்றலற்றவை. கால்களை இயக்கும் நரம்பிழைகள் உள்ளறைகளுக்கு மிக அருகில் செல்வதால், இக்குழந்தைகளுக்குக் கைகளைவிடக் கால்களே அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன.

இடர் தரும் காரணங்கள்

கரு வயது குறையக் குறைய இடர் கூடுகிறது. பனிக்குடத்தில் நோய்த்தொற்று, இரட்டைக் கரு ஆகியவை பிறப்பிற்கு முந்திய காரணங்கள். பிறந்தபின் மூச்சுத்திணறல், இரத்த அழுத்தக் குறைவு, குருதி நச்சுத்தொற்று, இரத்தச் சர்க்கரைக் குறைவு, கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவை தீங்கு செய்யும். செயற்கைச் சுவாசக் கருவியை அளவறியாது இயக்கி, இரத்தத்தில் கரியமில வாயுவை மிகவும் குறைத்துவிடுவதும் கேடே. எனினும் குறைமாதத்தில் பிறந்தோரில் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று.

தடுக்கும் வழிகள்

தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவதால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடைவதை நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும் 1972-ல் வெளியிட்டனர். மூளைக் கசிவும் இதனால் குறைகிறது. 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவ வலி கண்ட தாய்க்கு, மேல் சிகிச்சைக்கு அனுப்புமுன் டெக்சாமெத்தசோன் முதல் ஊசியைச் செவிலியரே போடலாம் என 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதித்தது. ஆனால் கரு வயது சரியாகத் தெரிந்தாலன்றி இவ்வூசியின் பயன் உறுதியில்லை. எனவே கடைசி மாதவிலக்குத் தேதியைப் பதிவேட்டில் பிழையின்றிக் குறிப்பது வெறும் எழுத்து வேலையன்று.

32 வாரங்களுக்கு முன் பிரசவம் நேரவிருப்பின் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் கொடுத்தல் மூளை முடக்குவாத இடரைக் குறைக்கிறது. பிறந்தபின் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, உடல் வெப்பம் குன்றாமல் காத்து நோய்த்தொற்றையும் தவிர்க்கிறது.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையை விட்டுச் சென்றதோடு கடமை முடிவதில்லை. குழந்தையின் வளர்ச்சியைத் திருத்திய வயதால் அளக்க வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, எட்டாம் மாதத்தில் ஆறு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும். தலை நிற்காமை, எப்போதும் மூடிய கை, கத்தரிபோல் குறுக்கிடும் விறைத்த கால்கள் ஆகியவை எச்சரிக்கைகள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இதற்கென அமைந்தவை. வளரும் மூளைக்கு முதல் இரண்டாண்டுகளில் அளிக்கும் பயிற்சியே மிகுந்த பலன் தருகிறது.

ஆகவே, சிறப்புப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அம்மையத்தின் பட்டியலில் ஏறுகிறதா, குறித்த நாளில் குழந்தை வந்ததா என்பதை மாவட்ட அதிகாரிகள் மாதந்தோறும் சரிபார்த்தல் இன்றியமையாதது.