கணினி சொல் பிரிக்கும் விதம்

இன்று பல இடங்களில் சம்பளச் சீட்டு கணினியில்தான் தயாராகிறது. அந்தக் கணக்குக்கான கட்டளைகளைக் கணினி எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம்.

'பலகை' என்று சேர்த்து எழுதினால் மரப்பலகை. 'பல கை' என்று பிரித்தால் பல கைகள். எழுத்துகள் அவையேதான். எங்கே பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. கணினிக்கும் இந்த வேலை உண்டு.

மனிதர் எழுதும் கட்டளைகளைக் கணினிக்கு உரிய மொழியில் மாற்றித் தருவது தொகுப்பி. அதன் முதல் வேலை சொற்பகுப்பு. 'சம்பளம் = நாள் * 60' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 வெள்ளி கூலி என்பது கணக்கு. தொகுப்பி இதை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. 'சம்பளம்' ஒரு பெயர், அடுத்தது சமக்குறி, 'நாள்' இன்னொரு பெயர், பிறகு பெருக்கல் குறி, கடைசியில் ஓர் எண். ஆக, ஐந்து கூறுகள். 6-ஐக் கண்டதும் அது நின்றுவிடுவதில்லை. அடுத்து வருவதும் இலக்கமா என்று பார்த்து, 0-வையும் சேர்த்து 60 என்று எடுத்துக்கொள்கிறது. கூடியவரை நீளமான கூறாக எடுப்பதே பொதுவிதி. இடைவெளி வந்தால் கூறு முடிந்தது என்று அறிந்துகொள்கிறது.

1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலோ இடைவெளிக்கு மதிப்பில்லை. அதில் 'டூ 10 ஐ = 1,10' என்றால், 10 என்று எண்ணிட்ட வரி வரையுள்ள கட்டளைகளைப் பத்து முறை செய் என்று பொருள். காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெறும் புள்ளி விழுந்துவிட்டால், 'டூ10ஐ' என்ற பெயருக்கு 1.10 என்ற மதிப்பைக் கொடு என்று ஆகிவிடும். பத்து முறை நடக்க வேண்டிய வேலை ஒரு முறையோடு நின்றுவிடும். அந்த வரியும் முறைப்படி சரியானதே என்பதால் தொகுப்பி பிழை காட்டாது.

சொற்பகுப்பு எழுத்தின் உருவத்தை மட்டுமே பார்க்கிறது. 60 என்று எழுத வேண்டியவர் 6 என்று எழுதிவிட்டாலும், அதுவும் ஓர் எண்தானே என்று ஏற்றுக்கொள்ளும். கூலி எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே, "இது கணினி போட்ட கணக்கு" என்று யாராவது சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். வேலை செய்த நாட்களையும் நாட்கூலியையும் பெருக்கிப் பாருங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொகை ஒத்துவராவிட்டால், சீட்டை எடுத்துச் சென்று கிராணியிடம் தயங்காமல் கேளுங்கள்.