பட்டியலில் ஒன்பது, தாளில் பத்து!

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். இனி எதற்கும் தலை சுற்றாது என்றுதான் நினைத்திருந்தேன். சுற்ற வைத்தது ஒரு கணக்குத் தாள்! அதுவும் என் கவனக்குறைவால். உங்களில் பலர் மகளிர் குழுவுக்கோ வீட்டுச் சீட்டுக்கோ கணக்கு எழுதுகிறவர்களாக இருப்பீர்கள். ஆகவே வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலையில் சாமை, தினை, கேழ்வரகு, மிளகு, காபி, பலா என்று எல்லாம் விளையும். ஆனால் கையில் காசு புரள்வது அந்தந்தப் பருவத்தில்தான். மற்ற நாளில் அவசரத்துக்குக் கைகொடுப்பது குழுக் கடன். தமிழகத்தில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. 1992-ல் நபார்டு வங்கி இப்படிப்பட்ட குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. குழுவுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது பேர். எங்கள் பக்கத்துக் குழுக்கள் பதினாலுக்கும் நான்தான் கணக்குப்பிள்ளை! மொத்தம் 218 பேர். ஆளுக்கு ஓர் எண்.

பெயரை வைத்துத் தேடக் கூடாதா என்று கேட்பீர்கள். 'செல்வி' என்று தேடினால் தமிழ்ச்செல்வியும் கலைச்செல்வியும் சேர்ந்து வந்து நிற்பார்கள். லட்சுமியை ஒருத்தி லெட்சுமி என்று எழுதுவாள், இன்னொருத்தி லக்ஷ்மி என்பாள். அதனால்தான் எண்.

நோட்டில் எழுதியதையெல்லாம் எக்ஸெல் தாளில் ஏற்றினோம். நாமக்கல்லில் படிக்கும் என் தம்பி மகன் ஒரு மேக்ரோ எழுதிக் கொடுத்தான். மேக்ரோ என்றால் பயந்துவிடாதீர்கள். நாம் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை சொல்லி வைத்துவிடுவது, அவ்வளவுதான். பாக்கிக்காரர்களின் எண்ணைக் கொடுத்தால், உறுப்பினர் எண் பத்தியில் அந்த எண் உள்ள கட்டத்தைத் தேடி மஞ்சள் பூசிவிடும். ஒரு மணி நேர வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

"அத்தை, கம்ப்யூட்டரைப் போட்டதும் தேடும் பெட்டியைத் திறந்து, 'முழுக் கட்டமும் பொருந்த வேண்டும்' என்கிற இடத்தில் டிக் போட்டு ஒரு தடவை தேடிடுங்க. அப்புறம் மேக்ரோவை ஓட்டுங்க" என்று சொல்லியிருந்தான். ஏன் என்று நானும் கேட்கவில்லை. கோலம் போடுகிற மாதிரி தினமும் செய்து வந்தேன்.

ஒரு மழை நாள். டிக் போட்டுவிட்டு உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் குழந்தை எழுந்து அழ, அடுப்பில் பால் பொங்க... அவசர அவசரமாகத் தாளைத் திறந்து மேக்ரோவை ஓட்டி, மஞ்சள் விழுந்த பெயர்களை எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு ஓடினேன்.

பெயர்களை வாசித்தேன். 187-ம் எண் அக்கா எழுந்தார். "ஏங்கண்ணு, நான் மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"கம்ப்யூட்டர்லே அப்படித்தான் வருதுக்கா" என்றேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மகளுக்குக் காலேஜ் பணம் கட்டப் புதுக் கடன் கேட்டிருந்தார் அவர். "பழைய பாக்கி தீரட்டும்" என்று அதை ஒத்திவைத்தார்கள். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

இரவு தூக்கம் வரவில்லை. பட்டியலை எடுத்து எண்ணினேன். வந்த பாக்கி எண்கள் ஒன்பது. தாளிலோ மஞ்சள் பத்து! ஒன்பதில் எட்டு மூன்று இலக்க எண்கள். 87 மட்டும் இரண்டு இலக்கம். 187-க்குள்ளேயும் ஒரு 87 இருக்கிறதல்லவா? அதற்கும் மஞ்சள் பூசிவிட்டது.

தம்பி மகனுக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. எக்ஸெலை மூடித் திறந்தால் அந்த டிக் போய்விடும். அப்புறம் எண்ணின் ஒரு பகுதி ஒத்துப்போனாலே 'கிடைத்துவிட்டது' என்று சொல்லும். பெரிய மூடி சின்னப் பாத்திரத்தின் மேலும் உட்காரும். அதற்காக அது அந்தப் பாத்திரத்தின் மூடி ஆகிவிடுமா?

மறுநாளே அக்காவின் ஊருக்குப் போனேன். மஞ்சள் பையிலிருந்து ரசீதுகளை எடுத்துக் காட்டினார், ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அதற்குள் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார்! அடுத்த கூட்டத்தில் எழுந்து, தவறு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கடன் கிடைத்தது, தோடும் திரும்பியது. அடகு வட்டியை நான் கொடுத்தேன். "மிஷினை நம்பினே, சரி. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு?" என்றார் அக்கா. அந்தக் கேள்விக்கு வட்டி கட்ட முடியுமா?

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

'முழுக் கட்டமும் பொருந்த வேண்டும்' என்பதை மேக்ரோவுக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். தேடும் கட்டளையில் 'லுக் அட்' என்பதற்கு 'எக்ஸ்எல் ஹோல்' என்று கொடுத்தால் போதும். நம் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தால், முழுப் பொருத்தம் தேடும்போது அந்தக் கட்டம் விட்டுப்போகும். 'ட்ரிம்' என்ற சூத்திரம் அந்த இடைவெளியை எடுத்துவிடும்.

போன மாத மஞ்சளை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். மேக்ரோ செய்ததைப் பின்வாங்கும் பொத்தானால் மாற்ற முடியாது. ஆகவே தாளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

முன்பின் தெரியாதவர் அனுப்பும் மேக்ரோவைத் திறக்காதீர்கள். அதில் விஷமமும் இருக்கலாம்.

கடைசியாக, கொடுத்த எண்கள் எத்தனை, மஞ்சள் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு எண், பெயர், ரசீது மூன்றையும் பொருத்திப் பாருங்கள். அதற்குப் பிறகே ஒருத்தியின் பெயரை நாலு பேர் முன்னால் வாசியுங்கள்.

இப்போதும் எங்கள் தாளில் மஞ்சள் விழுகிறது. அன்று மாலையே அவரவருக்குப் போன் செய்து, "அக்கா, உங்க ரசீதை ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்ட பிறகுதான் கூட்டத்துக்குப் புறப்படுகிறேன்.