சந்தைக்கு வழி கேட்ட முஹாஜிர்

ஹலாலான ரிஜ்க்கைத் தேடிப் பிறந்த மண்ணை விட்டுச் செல்வது முஸ்லிம்களுக்குப் புதியதன்று. ஜும்ஆத் தொழுகை நிறைவேறியபின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடிக்கொள்ளுமாறு திருமறையின் 62ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. ஆயினும் அயல்மண்ணில் சம்பளத்துக்கு உழைப்பது வேறு. அங்கே சிறு கடையொன்றை நிறுவிக் காப்பது வேறு. சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் ஊதியம் வரும். கடைக்காரருக்கோ வாடகையும், வேலையாள் கூலியும், சரக்குக் கடனுமே முதலில் வந்து நிற்கும்.

இத்தகையோருக்கு வழிகாட்டியாக விளங்குபவர் ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தின்போது மக்காவில் பொருளை விட்டுவிட்டு மதீனா வந்த அன்னாரை, அன்ஸார்களுள் பெருஞ்செல்வரான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஸஅது (ரலி) தம் செல்வத்தில் பாதியையே கொடுக்க முன்வந்தார்கள். வந்தவரோ, அவருடைய குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் உண்டாகுக என வேண்டிவிட்டு, வணிகம் நடக்கும் சந்தை எங்கே உள்ளது என்று மட்டும் வினவினார்கள். பனூ கைனுகாஉ சந்தை காட்டப்பட்டது. அங்கே வாங்கி விற்று, உலர்ந்த பாற்கட்டியும் நெய்யும் ஈட்டி வந்தார்கள். சிறிது காலத்தில், பேரீச்சங்கொட்டை எடைப் பொன்னை மஹராகக் கொடுத்து மணமும் முடித்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இவ்வரலாறு பதிவாகியுள்ளது.

நம் முன்னோரும் இவ்வாறே கடல் கடந்தனர். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களின் சுவடுகளாகும். சந்தையோடு ஜமாஅத்தையும் அவர்கள் கட்டியெழுப்பினர். புதிதாக வருபவருக்கு வழி சொல்ல அங்கே ஒருவர் இருந்தார்.

இன்று கடை வைக்கும் சபுராளியை அலைக்கழிக்கும் இடர்களுள் முதன்மையானது முதல் இன்மை. வந்தேறியவருக்கு ஈடு காட்டச் சொத்தில்லை. வங்கி எளிதில் நம்பாது. ஆகவே ஊரிலுள்ள உறவினரிடம் பணம் திரட்டுகின்றார். இங்கேதான் பெரும் பிழை நுழைகின்றது. ஒருவர் 5 இலட்சம் ரூபாய் கொடுத்து, கடையில் இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் மாதந்தோறும் 5,000 ரூபாய் வேண்டுமென்கிறார். அதற்கு இலாபம் என்று பெயரும் சூட்டுகிறார். பெயர் மாறினாலும் அது வட்டியே. ஷரீஅத் காட்டும் வழி முளாரபா. ஈட்டிய இலாபத்தில் நாற்பதுக்கு அறுபது என்றோ, பாதிக்குப் பாதி என்றோ பங்கை முன்னரே முடிவு செய்ய வேண்டும். உழைப்பவர் மோசடியோ கவனக்குறைவோ செய்யாத நிலையில் நட்டம் நேர்ந்தால், முதலின் இழப்பு முதல் கொடுத்தவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இலாபத்தில் உரிமை கோருபவர் நட்டத்துக்கும் அஞ்சாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது இடர், எழுதாத கணக்கு. “மச்சானுக்கும் மச்சானுக்கும் பத்திரம் எதற்கு?” என்று தொடங்கும் கூட்டு, ஒருவர் மௌத்தானதும் இரு குடும்பங்களின் வழக்காக முடிகின்றது. பங்கு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை அறிந்தவர் கபுறுக்குப் போய்விட்டார். யத்தீம் பிள்ளைகள் எதைக் காட்டுவர்? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைக்கவும், சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடுகின்றது. எழுதுவது ஐயத்தின் அடையாளமன்று, அமானிதத்தின் காவல்.

மூன்றாவது, உரிமம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் குடிமகன் ஒருவர் பெயரில் கடையை வைத்து, உண்மை உரிமையாளர் மறைந்து நிற்கும் வழக்கம் நெடுநாள் நிலவியது. சவூதி அரேபியா 2020இல் இயற்றிய சட்டம் இதற்கு 5 ஆண்டுவரை சிறையும், 50 இலட்சம் ரியால்வரை அபராதமும் விதிக்கின்றது. ஐக்கிய அரபு அமீரகமோ 2021 ஜூன் முதல் பல தொழில்களில் அயல்நாட்டவர் முழு உரிமையுடன் நிறுவனம் நடத்த வழி திறந்துள்ளது. வாழச் சென்ற நாட்டின் விதிக்கு உடன்பட்டே விசா பெறுகிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஏவுவதை மறத்தல் ஆகாது. பெயர் கொடுத்தவர் ஒருநாள் கடையையே தமதென்றால், மறைந்து நின்றவர் எந்த மன்றத்தில் முறையிடுவார்?

நான்காவது இடர் நம் வீடுகளிலிருந்தே செல்கின்றது. கல்லாவில் விழும் பணமெல்லாம் இலாபமன்று. அதில் பெரும்பகுதி சரக்குக்காரருக்கும் கடைச் சொந்தக்காரருக்கும் உரியது. இதனை அறியாமல், மாடி வீட்டுக்கும் ஆடம்பரக் கல்யாணத்துக்கும் ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தால், அவர் முதலையே அறுத்து அனுப்புவார். பிறகு கடன் வாங்குவார். ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்பட்டாலும் கடன் மன்னிக்கப்படாது என்பது நபிமொழி. எனவே தாய்மார்களும் மனைவியரும், “எவ்வளவு அனுப்புவீர்கள்?” என்று கேட்கும் முன்னர், “கடைக் கடன் அடைந்ததா?” என்று கேட்பார்களாக!

ஊர் ஜமாஅத்துக்கும் கடமை உண்டு. வசதியுள்ளோர் ஒன்றுகூடி, வட்டியில்லாத அழகிய கடன் வழங்கும் நிதியொன்றைப் பள்ளிவாசலில் அமைக்கலாம். பத்திரம் எழுதத் தெரிந்தவர் பயணம் போகுமுன் எழுதிக் கொடுக்கலாம். முன்னரே அயல்நாட்டில் கடை நடத்துவோர், புதிதாக வருபவரைப் போட்டியாளராகக் கருதாது, சரக்குக் கிடைக்கும் இடத்தையும் சட்டத்தையும் சொல்லித் தரலாம். அதுவே அன்ஸார்களின் ஸுன்னத்.

உண்மையும் நாணயமும் மிக்க வணிகர் மறுமையில் நபிமார்களுடனும் ஸித்தீக்குகளுடனும் ஷஹீதுகளுடனும் இருப்பார் என்று திர்மிதீயில் இடம்பெறும் நபிமொழி நன்மாராயம் கூறுகின்றது. அயல்மண்ணில் நள்ளிரவு வரை கடை காக்கும் நம் மக்களுக்கு அப்பேற்றையும், அவர்தம் தொழிலில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.