கணினி வாத்தியார் – 17: தப்பு விடைக்குள் இருக்கும் கணக்கு

போன வாரம் குறிக்கோளைப் பார்த்தோம். பாடத்தைப் படித்து முடித்தவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகே ஏஐ பக்கம் போக வேண்டும். குறிக்கோள் எழுதும் முறையை ராபர்ட் மேகர் 1962-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். அது போதும். இந்த வாரம் பாடத்துக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் கருவிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் வினாத்தாளைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது.

எழுதியவர்கள் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன். இருவரும் அமெரிக்காவில் கணினியையும் கல்வியையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள். கழித்தல் கணக்கில் பிள்ளைகள் ஏன் தப்பு செய்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நிகரகுவா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார்கள். கவனக்குறைவு, சோம்பல் என்று நாம் ஒதுக்கிவிடும் பல தப்புகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. தப்பு செய்த பிள்ளை ஒரு விதியைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. விதிதான் கோணல்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 52-இலிருந்து 37-ஐக் கழிக்க வேண்டும். விடை 15. ஒரு பிள்ளை 25 என்று எழுதுகிறது. எப்படி வந்தது? எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று அது நினைத்திருக்கலாம்: 7-இல் 2 போனால் 5, 5-இல் 3 போனால் 2. பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் 25 என்றே எழுதியிருக்கிறது. அது ஒழுங்காகக் கடன் வாங்கியது, 12-இல் 7 போக 5. ஆனால் கடன் கொடுத்த பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்கவில்லை. 5-இல் 3 போக 2. ஒரே தப்பு விடை, இரண்டு வேறு நினைப்புகள். இருவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொன்னால் ஒருவருக்கு அது போய்ச் சேராது.

இருவரையும் எப்படிப் பிரிப்பது? இன்னொரு கணக்கு கொடுக்க வேண்டும், ஆனால் கண்டபடி கொடுக்கக் கூடாது. 81-இல் 36 கொடுத்தால் இருவரும் மறுபடி 55 என்றே எழுதுவார்கள். 62-இல் 38 கொடுங்கள். முதல் பிள்ளை 36 எழுதும், இரண்டாவது பிள்ளை 34 எழுதும். ஒன்றாம் இட இலக்கங்களின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால்தான் இரண்டு கோணல்களும் ஒரே விடையில் போய் நிற்கின்றன. இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. ஒரு கேள்வியின் தரம் என்பது அது எவ்வளவு கடினம் என்பதில் இல்லை, எந்த இரண்டு நினைப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. நீங்களும் ஒரு பென்சிலை எடுத்து இன்னும் இரண்டு கணக்குகளை இப்படிச் செய்து பாருங்கள்.

பிரவுனும் பர்ட்டனும் இதை ஒரு விளையாட்டாகவும் ஆக்கினார்கள். ‘பகி’ என்று பெயர். கணினி ஒரு மாணவனாக நடிக்கும், மனசுக்குள் ஒரு கோணல் விதியை வைத்துக்கொண்டு விடை சொல்லும். ஆசிரியப் பயிற்சி பெறுபவர்கள் கணக்குக் கொடுத்துக் கொடுத்து அந்தக் கோணலைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினியை வாத்தியாராக்கப் பலர் பாடுபட்ட காலத்தில், இவர்கள் அதை மாணவனாக உட்கார வைத்து வாத்தியார்களைப் பழக்கினார்கள்.

இப்போது நம் மேசைக்கு வருவோம். இணையவழிப் பயிற்சி தயாரிப்பவர்கள் ஏஐயிடம் முதலில் கேட்பது, ‘இந்தப் பாடத்திலிருந்து பத்து கேள்வி போட்டுக் கொடு’ என்பதுதான். அரை நிமிடத்தில் பத்தும் வந்துவிடும். சரியான விடை எது என்று பாடம் படிக்காதவரும் சொல்லிவிடலாம். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் எது நீளமோ, எதில் நிதானமான பேச்சு இருக்கிறதோ அதுதான். மற்ற மூன்றையும் யாரும் எங்கும் நம்புவதில்லை. இப்படிப்பட்ட தேர்வில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள், வாங்கிய கையோடு பழைய வேலையைப் பழையபடியே செய்வார்கள்.

என் தோழி ஒருவர் உணவுக்கூடப் பணியாளர்களுக்கு அலைபேசி வழிப் பாடம் தயாரிக்கிறார். சமைத்த உணவைச் சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேலே, குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே, இதுதான் பாடம். மீந்த சாதத்தைப் பற்றிய கேள்விக்கு ஏஐ கொடுத்த தப்பு விடைகளில் ஒன்று, ‘வெயிலில் திறந்து வைக்கலாம்’. எந்தச் சமையல் மாஸ்டர் அப்படிச் செய்வார்? தோழி நேராகச் சமையல்கட்டுக்கே போய்க் கேட்டார்.

“மத்தியானச் சாதம் மீந்தா ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்க மாஸ்டர்?”

“நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணிடுவோம் மேடம். அந்தச் சூட்டுல எந்தக் கிருமி நிக்கும்?”

இதுதான் அசல் தப்பு விடை. கேட்கும்போது நியாயமாக இருக்கிறது, நாடு முழுக்க நம்பப்படுகிறது, ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெளியில் கிடந்தால் அவை பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆக, மாஸ்டரின் பதிலில் கிருமியைப் பற்றிய பாதி ஓரளவு சரி, நஞ்சைப் பற்றிய பாதி விட்டுப்போயிருக்கிறது. பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒரு பதில் காட்டிவிட்டது. தோழி முதல் பகுதியையே மாற்றி எழுதினார்.

அந்தப் பதிலை ஏஐயிடம் கொடுத்த பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. ‘இப்படி நினைப்பவர் எந்தெந்தச் சூழலில் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஒவ்வொரு தப்பு விடைக்கும் பின்னால் இருக்கும் நினைப்பை எழுது, அதற்கு ஒரு வரி பதிலும் எழுது’ என்று கேட்டார். சாதத்திலிருந்து குருமாவுக்கும் பிரியாணிக்கும் அது தானே கிளை விரித்தது. இதில் ஏஐ கெட்டிக்காரத் தொழிலாளி. ஆனால் விதை சமையல்கட்டிலிருந்துதான் வர வேண்டும். விடைகளை உணவுப் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும். வெப்பநிலையில் ஓர் எண் தவறினாலும் அது யாரோ ஒருவரின் வயிற்றில் போய் விடியும்.

மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு செய்தி. அதில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஒரு பெட்டி உண்டு. நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலும் அது காலியாகவே கிடக்கிறது. கேள்விகளைக் ‘கிஃப்ட்’ வடிவத்தில் கொடு என்று ஏஐயிடம் சொல்லுங்கள். சரியான விடைக்கு முன்னால் = வரும், தப்பு விடைக்கு முன்னால் ~ வரும், # குறிக்குப் பிறகு அந்த விடைக்கான பதில் வரும். கோப்பை அப்படியே ஏற்றிவிடலாம். தப்பு விடைக்கு ஏற்ப விளக்கம் சொல்லும் இந்த யோசனை கணினிக்காரர்களுடையதே இல்லை. நார்மன் கிரவுடர் 1950-களில் அமெரிக்க விமானப்படையின் பயிற்சிப் பணியிலிருந்து வளர்த்த முறை இது. அவருடைய புத்தகங்களில் தப்பான விடையைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு பக்கத்துக்குப் போகச் சொல்லும். அங்கே நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று தொடங்கி விளக்கம் இருக்கும்.

‘பகி’ விளையாட்டை இன்றைய ஏஐயை வைத்து ஆட முடியுமா என்றும் முயன்றேன். ‘நீ சூடு பண்ணினால் போதும் என்று நம்பும் மாஸ்டர்’ என்று சொல்லி உரையாடினேன். முதல் இரண்டு பதில் பிரமாதம். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் ‘ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி’ என்று உடனே திருந்திவிடுகிறது. நிஜ மாஸ்டர் அவ்வளவு சுலபமாகத் திருந்த மாட்டார். கோணல் விதியைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்வதில் 1978-இன் நிரல் இதைவிடக் கறாரானது.

குரல் கருவிகள் அடுத்த வாரம் கட்டாயம். அதற்குள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் தொழிலில் புதிதாகச் சேருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தப்பையும், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் காரணத்தையும், அவர்கள் பேச்சிலேயே ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். தையல், லேத், வங்கிக் கவுன்ட்டர், பிரசவ வார்டு, எதுவானாலும் சரி.